ஏற்றத்தில் நின்றால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

கார் ஓட்டப் பயம் என்பவர்களில் பலருக்கு உண்மையான பயம் இதுதான்: மேம்பால ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி உருண்டு, பின்னாலுள்ள ஆட்டோவில் இடித்துவிடுமோ! "தைரியமா ஓட்டு" என்பதால் இது போகாது. கால் பழக வேண்டும்.

முதலில் காலி மைதானம். கிளட்சை முழுக்க மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை வையுங்கள். முதல் கியரில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் சத்தம் தணிந்து வண்டி நகரத் துடிக்கும் இடம்தான் ஹாஃப் கிளட்ச். அங்கே காலை நிறுத்த 20, 30 தடவை பழகுங்கள்.

பிறகு ஞாயிறு காலை 6 மணிக்கு, ஆளில்லாத சிறு ஏற்றம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஹாஃப் கிளட்சுக்கு வாருங்கள், லேசாக ஆக்சிலேட்டர் கொடுங்கள். வண்டி முன்னால் இழுப்பதை உணர்ந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இந்த வரிசை மாறினால்தான் உருளும். ஏற்றத்தில் பிரேக்கை விட்டதும் வண்டியைத் தானே பிடித்து நிறுத்தும் ஹில் ஹோல்டு வசதி உள்ள கார்களிலும், அது சில விநாடிதான் தாங்கும். சிக்னலில் ஹாஃப் கிளட்சிலேயே நிற்காதீர்கள். கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகல் வாடை வரும்.

எஞ்சின் அணைந்துவிட்டதா? முதலில் கால் பிரேக், அடுத்து ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும், அவருக்கு அது பொழுதுபோக்கு. மூச்சை 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுங்கள். முக்கியமாக, உடனே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அதே ஏற்றத்தில் இன்னும் 3 தடவை ஏறுங்கள். பாதியில் விட்டால் பயம்தான் மனதில் தங்கும்.