நடந்தால் ஆடிய இரும்புப் பாலம்: ஆட்டத்தை அடக்கிய அனுபவம்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. கட்டிங் ஒரு கட்டடத்தில், தையல் எதிர்க் கட்டடத்தில். நடுவே கன்டெய்னர் லாரிகள் வந்து திரும்பும் பாதை. இரண்டு கட்டடங்களின் முதல் மாடியையும் இணைத்து 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்பு நடைபாலம் போட்டிருந்தார்கள். இரு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு டிரஸ் (முக்கோணம் முக்கோணமாகக் கோத்த இரும்புச் சட்டகம்), நடுவில் 2 மீட்டர் அகலத்தில் செக்கர்டு பிளேட், அதாவது வழுக்காத புடைப்புத் தகட்டுத் தளம். வெல்டிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்தப் பாலத்தில் ஏறப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். படி இறங்கி, லாரிகளுக்கு நடுவே புகுந்து, எதிர்ப் பக்கம் மறுபடி படியேறிப் போனார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. அதன் பிறகுதான் நிர்வாகம் என்னைக் கூப்பிட்டது.

கோவையில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கிறேன். பாலமோ மாடியோ ஆடுகிறது என்று வருபவர்கள் இப்போதெல்லாம் அதிகம். எல்லோரும் வரும்போதே விடையையும் கொண்டுவருகிறார்கள்: "இன்னும் கொஞ்சம் இரும்பு சேர்த்துவிடலாம்." பெரும்பாலும் அது சரியான விடையாக இருப்பதில்லை. ஏன் என்பதை இந்த ஒரு வேலையை வைத்தே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் பாலத்தில் நடந்து பார்த்தேன். தையல் பகுதி சூபர்வைசர் அக்கா ஒருவர் கூடவே வந்தார். "கால் வெக்கறப்ப கீழ போகுதுங்க, எடுக்கறப்ப மேல தூக்குதுங்க. பாதி தூரம் வந்தா மயக்கம் வர்ற மாதிரி இருக்குதுங்க சார்" என்றார். நோயை அவர் சரியாகவே சொல்லிவிட்டார். காலடியும் பாலமும் ஒரே தாளத்தில் போகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் விரல் நுனியால் தள்ளினாலே வீச்சு ஏறிக்கொண்டே போகுமே, அதேதான். மனிதர் சாதாரணமாக நடப்பது விநாடிக்கு ஏறக்குறைய 2 காலடி, அதாவது 2 ஹெர்ட்ஸ். ஆளுக்கு ஆள் 1.6-லிருந்து 2.4 வரை மாறும். பாலத்தின் இயல்பான அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக விநாடிக்கு எத்தனை முறை ஆடும் என்பது, அதற்குள் விழுந்தால் தொல்லைதான்.

விழுந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஆரம்பச் சோதனைக்குக் கைப்பேசியே போதும். அதில் இருக்கும் முடுக்கமானி விநாடிக்கு 100 முறை பதிவு செய்யும், நமக்கு வேண்டியது 2 ஹெர்ட்ஸ் சமாச்சாரம். ஆனால் எவ்வளவு நேரம் பதிவு செய்கிறோம் என்பது முக்கியம். 20 விநாடிப் பதிவில் 0.05 ஹெர்ட்ஸுக்குக் குறைவான வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. பின்னால் நமக்கு அந்த 0.05 தேவைப்படும். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், காற்றில் பாலம் தானாக லேசாக அசைவதை, நல்ல சென்சார் ஒட்டி நீளமாகப் பதிவு செய்தோம். அதிர்வெண் வரைபடத்தில் 2.1 ஹெர்ட்ஸில் ஊசி போல ஒரு முனை நின்றது.

அப்புறம் பாலத்தின் நடுவில் ஒருவரைக் குதிகாலைத் தூக்கித் 'தொம்'மென்று இறங்கச் சொல்லிவிட்டு, ஆட்டம் எப்படி ஓய்கிறது என்று பார்த்தோம். ஓயவே மாட்டேன் என்றது. வீச்சு பாதியாகக் குறைய 22 ஆட்டம் பிடித்தது. கணக்குப் போட்டால் டேம்ப்பிங், அதாவது ஆட்டம் தணியும் அளவு, அரை சதவீதம். இரும்புக் கட்டமைப்புகளில் இது வழக்கமான அளவுதான். இரும்பு தானாக ஆற்றலை விழுங்காது, கொடுத்ததைப் பத்திரமாக வைத்துத் திருப்பித் தரும்.

மூன்று பேரைச் சீராக நடக்கவிட்டபோது நடுப்பாலத்தில் முடுக்கம் 1.2 மீ/வி² வந்தது. ஐரோப்பிய விதிகள் நடைபாலத்துக்கு மேலும் கீழுமான ஆட்டத்தில் 0.7 மீ/வி² வரைதான் ஏற்கின்றன. இரும்புக் கட்டுமானத்துக்கான நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 800-இன் 2007 பதிப்பிலும் தள அதிர்வுக்கென்று தனிப் பின்னிணைப்பு இருக்கிறது. டிசைன் செய்பவர்கள் வலிமையும் தொய்வும் சரியாக வந்ததும் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2.1 ஹெர்ட்ஸில் 1.2 மீ/வி² என்றால் பாலம் மேலே 7 மில்லிமீட்டர், கீழே 7 மில்லிமீட்டர் போய்வருகிறது, அவ்வளவுதான். சொந்த எடைக்கே அது 70 மில்லிமீட்டருக்கு மேல் தொய்ந்திருக்கும் பாலம். விழுந்துவிடாது. நிர்வாகத்துக்கு இதை எழுத்தில் கொடுத்தேன், தொழிலாளர்களிடம் நேரிலும் சொன்னேன். ஆனால் விழாது என்று எழுதிக் கொடுத்ததால் வயிற்றைப் பிசைவது நின்றுவிடாது. அவர்கள் சொன்னது உண்மையான தொல்லை. பயந்த சுபாவம் என்று தள்ளிவிடக் கூடாது.

நிர்வாகத்திடம் ஏற்கெனவே மூன்று யோசனைகள் இருந்தன. நடுவில் ஒரு தூண்: கன்டெய்னர் லாரி திரும்ப முடியாது, முடிந்தது. தளத்தின் மேல் கான்கிரீட்: எடை கூடினால் அதிர்வெண் இறங்கும். 2.1-இல் இருப்பது 2-க்கோ அதற்குக் கீழோ வந்து, சராசரி நடையின் தாளத்திலேயே போய் உட்காரும். மூன்றாவது, டிரஸ்ஸுக்கு இரும்பு சேர்ப்பது. இதைத்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2.1 ஹெர்ட்ஸை 3-க்கு ஏற்ற வேண்டுமானால் விறைப்பு இரண்டு மடங்காக வேண்டும், ஏனென்றால் அதிர்வெண் விறைப்பின் வர்க்கமூலமாகத்தான் ஏறும். சேர்க்கும் இரும்பின் எடையும் எதிராக இழுக்கும். ஏறக்குறைய புதுப் பாலம் கட்டுகிற செலவு.

சென்சார், மோட்டார் வைத்து ஆட்டத்துக்கு எதிராகத் தள்ளும் முறையையும் ஓர் இளைஞர் கேட்டார். செயற்கைக்கோளின் சூரியத் தகடுகள் மாதிரி லேசான, நீண்ட அமைப்புகளுக்கு அது அருமையான வழி. இங்கே மின்சாரம் போனால் வேலை செய்யாத ஒன்றை நம்பி ஆட்களை ஏற்ற எனக்கு மனமில்லை.

நான் எடுத்தது டியூன்டு மாஸ் டேம்ப்பர். பாலத்தின் நடுவில் ஸ்பிரிங்குகள் மேல் ஓர் எடை. அந்த எடையும் பாலத்தின் தாளத்திலேயே ஆடும்படி ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலம் ஆடத் தொடங்கியதும் எடை அதற்குப் பின்தங்கி எதிராக ஆடும். பக்கத்தில் உள்ள எண்ணெய்ப் பாத்திரம் அந்த ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக்கிக் கரைத்துவிடும். 1909-இல் ஹெர்மன் ஃப்ராம் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை, 1928-இல் ஆர்மண்ட்ராய்டும் டென் ஹார்டாக்கும் தணிப்பைச் சேர்த்துக் கணக்காக்கினார்கள். தைப்பே 101 கோபுரத்தில் 660 டன் உருண்டையாகத் தொங்குவது இதன் ஒரு வகைதான். லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூன் 10-இல் திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டது. பக்கவாட்டில் ஆடிய அந்தப் பாலத்தில் பிசுபிசுப்பான திரவம் நிரப்பிய 37 டேம்ப்பர்களும் 52 மாஸ் டேம்ப்பர்களும் பொருத்தி, 2002-இல் மறுபடி திறந்தார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம், உயர் மின்னழுத்தக் கம்பியில் இன்சுலேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு முனையிலும் குண்டு வைத்த சிறு தண்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஸ்டாக்பிரிட்ஜ் டேம்ப்பர். காற்றில் கம்பி அதிர்ந்து அறுந்துபோகாமல் அதுதான் காக்கிறது.

நம் பாலத்தின் மொத்த எடை 18 டன். நடுப்பகுதி ஆடும் அளவுக்கு ஓரங்கள் ஆடாது என்பதால், நடுவில் வைக்கும் டேம்ப்பருக்கு அதில் பாதி, 9 டன்தான் கணக்கு. அதில் 3 சதவீதம், 270 கிலோ. இரண்டு பெட்டியாக 135 கிலோ வீதம் பிரித்தோம். சூத்திரப்படி டேம்ப்பரின் அதிர்வெண் பாலத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 2.04 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். டேம்ப்பிங் 10 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: ஸ்பிரிங் தன் மேல் உள்ள எடையால் எவ்வளவு அமுங்குகிறது என்பது அதிர்வெண்ணை மட்டுமே பொறுத்தது. 2.04 ஹெர்ட்ஸ் என்றால் 60 மில்லிமீட்டர். எடை 100 கிலோவானாலும் 10 டன்னானாலும் அதே 60. ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்தே முதல் சோதனையை முடித்துவிடலாம்.

ஸ்பிரிங் சுற்றியது கோவை கணபதிப் பகுதியில் ஒரு பட்டறையில். அங்கிருந்த பெரியவர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "ஸ்பிரிங்னா பத்து பர்சென்ட் அப்படி இப்படி இருக்குமுங்க தம்பி. கரெக்டா வேணும்னு கேக்காதீங்க." அவர் சொன்னது நியாயம். விறைப்பில் பத்து சதவீதம் என்றால் அதிர்வெண்ணில் ஐந்து சதவீதம், அதாவது 0.1 ஹெர்ட்ஸ். அவ்வளவு விலகினால் டேம்ப்பரின் பலன் பெருமளவு போய்விடும். ஆகவே எடையை ஒரே கட்டியாகச் செய்யாமல், போல்ட் போட்டுக் கூட்டிக் குறைக்கும் தகடுகளாகச் செய்யச் சொன்னேன். இப்படி மாற்ற வழியில்லாத டேம்ப்பரை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

பட்டறைத் தரையில் பெட்டியைப் பொருத்தி, எண்ணெய் ஊற்றாமல், எடையை அமுக்கி விட்டோம். ஓரிரு ஆட்டத்தில் நின்றது. காரணம் வழிகாட்டித் தண்டுகளின் புஷ், அதாவது தண்டு வழுக்கிப் போகும் உள்வளையம். பாலம் 0.1 மீ/வி² அளவில் ஆடும்போது 135 கிலோ எடையை நகர்த்தும் விசை சுமார் 1.4 கிலோ பாரத்துக்குச் சமம். புஷ்ஷின் உராய்வு அதற்கு மேலே போனால் எடை பாலத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா போய்வரும், பெயருக்குத்தான் டேம்ப்பர். தண்டுகளையே எடுத்துவிட்டு, பக்கவாட்டில் மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பட்டைகளால் எடையைப் பிடித்தோம். எங்கும் உரசல் இல்லை. பட்டைகள் கொஞ்சம் விறைப்பைக் கூட்டும், பரவாயில்லை, அளக்கும்போது அதுவும் சேர்ந்தே வந்துவிடும்.

சரி, எந்த அதிர்வெண்ணுக்கு டியூன் செய்வது? நான் அதிகம் யோசித்தது இதைத்தான். 2.04 என்பது வெறும் பாலத்துக்கான கணக்கு. தொல்லை வருவது ஆட்கள் இருக்கும்போது. முப்பது பேர் பரவலாக நின்றால் சுமார் 2 டன் கூடும், பாலம் 2.0-க்கு இறங்கும், அப்போது டேம்ப்பர் 1.94-இல் இருப்பது நல்லது. தனி ஆள் நடக்கையில் வெறும் பாலம், ஷிப்ட் விடுகையில் நிறைந்த பாலம். இரண்டுக்கும் நடுவே 2.0 ஹெர்ட்ஸ் என்று முடிவெடுத்தேன். கூட்டம் சேரும்போது மனித உடல்களே கொஞ்சம் தணிப்பைத் தரும் என்பதால் 1.94 வரை போகத் தேவைப்படவில்லை.

2.0 ஹெர்ட்ஸுக்கு ஒரு வசதி உண்டு: 20 ஆட்டத்துக்குச் சரியாக 10 விநாடி. ஸ்டாப்வாட்ச் போதும். முதல் பெட்டி 9.5 விநாடி காட்டியது, இரண்டாவது 9.7. ஒரே பட்டறை, ஒரே கம்பி, ஒரே வரைபடம், ஆனாலும் இந்த வித்தியாசம். தகடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்து, ஒன்றுக்கு 14 கிலோவும் மற்றதற்கு எட்டரைக் கிலோவும் கூட்டியதும் இரண்டும் பத்தில் வந்து நின்றன. பிறகு சிலிகோன் எண்ணெய். சாதாரண எண்ணெயைவிட வெயிலுக்கும் குளிருக்கும் அதன் பிசுபிசுப்பு குறைவாகவே மாறும். எண்ணெய்க்குள் இறங்கும் தட்டின் ஆழத்தைக் கூட்டிக் குறைத்து, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வீச்சு ஏறக்குறைய பாதியாகும்படி வைத்தோம். அதுதான் 10 சதவீதத்தின் அடையாளம். நிறைய எண்ணெய் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அளவு மீறினால் எடை பூட்டிக்கொள்ளும். குறைந்தால் ஒரு தாளத்துக்குப் பதிலாக அதன் இரு பக்கமும் இரண்டு தாளங்களில் பாலம் ஆடும்.

பாலத்தில் பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நட்டநடுவில், தளத்துக்கு அடியில், இரண்டு டிரஸ்ஸுக்கும் இடையில். எடை மேலும் கீழும் 40 மில்லிமீட்டர் தாராளமாகப் போக இடம், அதற்கு அப்பால் ரப்பர் தடுப்பு. அடியில் லாரி போகும் பாதை என்பதால், ஸ்பிரிங்கே உடைந்தாலும் எடை கீழே விழாதபடி எஃகுக் கயிறு. இந்தக் கயிற்றுக்குச் செலவு எதற்கு என்று கேட்டார்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அதே மூன்று பேர், அதே நடை. 1.2 இருந்த இடத்தில் 0.3 மீ/வி². குதிகால் சோதனையில் 22 ஆட்டம் எடுத்தது இப்போது இரண்டு மூன்றில் அடங்கியது. ஷிப்ட் விடும் நேரத்திலும் 0.5-ஐத் தாண்டவில்லை. சூபர்வைசர் அக்கா போய்த் திரும்பி வந்து, நடுவில் நின்று குதித்தும் பார்த்துவிட்டு, "இப்ப பரவால்லீங்க, லேசா தெரியுது, ஆனா தூக்கலீங்க" என்றார். லேசாகத் தெரியத்தான் செய்யும், அதையும் முன்பே சொல்லியிருந்தேன்.

பனியன் கம்பெனியில் எதையும் சும்மா விடாதது பஞ்சுத் தூசி. எண்ணெய்ப் பாத்திரத்துக்கு மூடி போட்டாலும் மடிப்புகளில் படிந்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை இறக்கி 20 ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று பராமரிப்புப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பத்திலிருந்து கால் விநாடி விலகினால் எனக்குப் போன் வரும்.

அதே நிர்வாகம் இப்போது பேக்கிங் பிரிவுக்கு இன்னொரு பாலம் போடுகிறது, அது 26 மீட்டர். வரைபடத்திலேயே நடுவில் இரண்டு பெட்டிக்கான பிராக்கெட்டும், ஆள் ஏறிப் பார்க்க ஒரு கதவும் விட்டிருக்கிறோம். எடை எவ்வளவு, ஸ்பிரிங் எது என்பதை மட்டும் எழுதவில்லை. பாலம் ஏறி நின்ற பிறகு அளந்துவிட்டு எழுதுவோம்.