டிரங்குப் பெட்டியைத் திறந்த பிறகு

முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால், கண்ணீர் அஞ்சலி பேனரில் '1971 போர் வீரர்' என்று அச்சடித்துவிடுவார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, குடும்ப ஓய்வூதியத்துக்காக மூத்த மகன் டிரங்குப் பெட்டியோடு வரும்போதுதான் அவருடைய முழு வாழ்க்கையும் ஓய்வூதிய வேலை பார்க்கும் எங்கள் மேசைக்கு வரும். வீட்டார் சொல்லும் கதையும் பெட்டியில் இருக்கும் காகிதமும் பாதி இடங்களில் ஒத்துப்போகாது.

முதலில், பணியிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம். படை எண், சேர்ந்த நாள், வெளியே வந்த நாள், கடைசி ரேங்க் எல்லாம் அதில் இருக்கும். நினைவு மலர் போடுகிறவர்கள் இதைப் பார்த்து எழுதினாலே பாதிப் பிழை போய்விடும்.

அடுத்து மெடல். விளிம்பையும் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். எண், ரேங்க், பெயர், யூனிட் பொறித்திருக்கும். ஒன்றும் இல்லையென்றால், தொலைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கியதாக இருக்கலாம். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது; அதை மட்டும் வைத்துக்கொண்டு 'டாக்காவில் நின்றார்' என்று எழுதக் கூடாது. சுதந்திர வெள்ளிவிழா மெடலோ 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தார் என்பதைத்தான் சொல்லும். போர்முனைக்கே போகாமல் ஸ்டோரிலும் பணிமனையிலும் உழைத்தவர்களுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்குத்தான் அதை ஏற்க மனசு வராது.

கடிதங்களில் ஊர்ப்பெயர் தேடுவது வீண். 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் நிலைய எண்தான் முகவரியாக இருக்கும். முதலாவது டெல்லி வழியாகவும் இரண்டாவது கல்கத்தா வழியாகவும் போகும் தபால். முத்திரையிலும் களத் தபால் நிலையத்தின் எண் மட்டுமே தெரியும்.

அவர் எப்படிப்பட்ட குடும்பஸ்தர் என்பதற்கு எங்கள் வேலையில் ஒரு அளவுகோல் உண்டு: பார்ட் டூ ஆர்டர், அதாவது வீரரின் குடும்ப விவரங்களைப் பதிவு செய்து யூனிட் வெளியிடும் உத்தரவு. கல்யாணம், குழந்தை பிறப்பு இவற்றை யூனிட்டுக்கு எழுதி, அதில் வெளியாகும்படி செய்தவரின் மனைவிக்கு இன்று அலைச்சல் குறைவு. லீவு முடிந்து போனவர் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தால், ஐம்பது வருடம் கழித்து அந்த அம்மா ஊன்றுகோலோடு படியேற வேண்டும். வீட்டில் கன்னியம்மாள், ஆதாரில் கன்னியம்மா, பட்டாளப் பதிவில் வேறு ஏதோ என்று மூன்று பெயர் இருக்கும். வடநாட்டு கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியது அது. திருத்த உறுதிமொழிப் பத்திரமும் அடையாளச் சான்றும் வைத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் படைப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு.

மனைவியின் பிறந்த தேதியையும் அப்போதே சரிபார்ப்பது நல்லது. கணவர் 67 வயது தாண்டி இயல்பாக இறந்திருந்தால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம்தான் குடும்ப ஓய்வூதியம். அந்த அம்மாவுக்கு 80 வயதானால் அதன்மேல் 20 சதவீதம் கூடும், 85இல் 30, 90இல் 40. பதிவில் தேதி இல்லையென்றால் அந்த உயர்வு தானாக வராது. இன்னொன்று: இறந்த நாளுக்குப் பிறகான ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தால் ஏ.டி.எம்.மில் எடுத்துவிடக் கூடாது. பின்னால் பிடித்துவிடுவார்கள், அதுவும் காரியச் செலவுக்குக் கடன் வாங்கிய நேரத்தில்.

பெட்டியின் அடியில் கடைசியாக மிஞ்சுவது, அவர் வீட்டுக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் கூப்பன்கள். ஓய்வூதியத்துக்கு அவை உதவாது என்று எறியப் போவார்கள். தேதிவாரியாக அடுக்கினால் ஒரு மனிதர் வந்து போன கணக்கு தெரியும். தொகை கூடிய மாதத்தில் பெரும்பாலும் ரேங்க் கூடியிருக்கும். இரண்டு மாதம் கூப்பன் இல்லையென்றால் அவர் லீவில் ஊரில் இருந்திருப்பார். அதிலிருந்து பத்தாவது மாத பார்ட் டூ ஆர்டரைப் புரட்டினால், பல குடும்பங்களில் ஒரு குழந்தையின் பெயர் இருக்கும்.