ஃபாக்ஸியைத் தாண்டிப் போயிடாதீங்க

ஒன் பீஸ்ங்கற ஜப்பானியக் கடற்கொள்ளையர் காமிக்ஸை (மங்கா) புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் பேக்கரி பெஞ்சிலேயே ஒரு அறிவுரை கிடைச்சிடும்: "ஸ்கைபியா கதை முடிஞ்சா நேரா வாட்டர் செவன் கதைக்குப் போயிருங்க. நடுவுல ஃபாக்ஸின்னு ஒரு நரித்தலையன் விளையாட்டு வைப்பான், அதை விட்ருங்க." சொல்றவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்த விளையாட்டைப் படிக்காம வாட்டர் செவனுக்குள்ள போனா பாதி வலிதான் வலிக்கும். (வாட்டர் செவன் இன்னும் படிக்காதவங்க இதோட நிறுத்திக்குங்க. கீழே எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன்.)

முதல்ல அளவு. ஃபாக்ஸி வர்ற லாங் ரிங் லாங் லேண்ட் ஆர்க் (கதைப் பகுதி) 303 முதல் 321 வரை, மொத்தம் 19 அத்தியாயம். 32-ஆம் தொகுதியின் கடைசி மூணு, 33 முழுசா, 34-இன் முதல் அஞ்சு. முந்தின ஸ்கைபியா 66 அத்தியாயம். அப்புறமும் "இழுவை"ன்னு ஏன் பேர் வந்தது? பெரும்பாலும் அனிமேவால. அங்கே 207 முதல் 219 வரை ஓடுது, அதுவும் மங்காவில் இல்லாத போட்டிகளைச் சேர்த்து. அடுத்து 220 முதல் 226 வரை ஒட்டுக் கதை, அதில் கடைசி ரெண்டு எபிசோடில் ஃபாக்ஸி திரும்பவும் வர்றான். 227-லதான் கடற்படை அட்மிரல் அவோகிஜியோட கதை. மங்காவில் விளையாட்டு முடிஞ்ச அடுத்த அத்தியாயத்திலேயே, 319-ல், கடற்படை அட்மிரல் வந்து நிக்கறான். சிரிச்ச வாய் மூடறதுக்குள்ள பயம் வரணும்னு மங்காவை எழுதற எய்ச்சிரோ ஓடா வெச்ச இடம் அது. அனிமேக்காரங்க அங்கே ஏழு எபிசோடைச் சொருகிட்டாங்க. அந்தக் கோபத்தை மங்கா மேல காட்டறது நியாயமில்லைங்க.

இப்போ அந்த விளையாட்டு, டேவி பேக் ஃபைட்டோட விதிகள். இதை வேகமாப் புரட்டறவங்கதான் "அர்த்தமில்லாத விளையாட்டு"ன்னு சொல்றாங்க. ரெண்டு கேப்டனும் சம்மதிச்சுத் துப்பாக்கி சுட்டா ஆட்டம் ஆரம்பம். கப்பல்ல இருக்கிற மத்தவங்களை யாரும் கேக்கறதில்லை. மூணு காசு ஆட்டம்னா மூணு சுற்று. மொத்தம் ஏழு பேர், ஒருத்தர் ஒரு சுற்றில்தான் இறங்கலாம், பேர் கொடுத்த பிறகு மாத்த முடியாது. ஜெயிச்சவன் எதிராளி கப்பல்ல இருந்து ஒரு ஆளை எடுத்துக்கலாம், இல்லைன்னா கொடியை. போன ஆளை டேவி பேக் ஃபைட் மூலமாத்தான் மீட்க முடியும்.

அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசு சேவல்கட்டு பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. தோத்த சேவல் கோச்சை, ஜெயிச்சவன் கைக்குப் போயிடும். ஓடா அதுக்கு மேல ஒரு படி போறாரு. கோச்சைச் சேவலை யாரும் சத்தியம் பண்ணச் சொல்றதில்லை. இங்கே போற ஆள் புதுக் கேப்டனுக்கு விசுவாசமா இருப்பேன்னு உடனே தன் வாயாலேயே சொல்லணும்.

முதல் சுற்று டோனட் ரேஸ். கதாநாயகன் லூஃபியோட கூட்டத்துல இருந்து நாமி, உசோப், ரோபின் மூணு பேரும் பீப்பாயில் செஞ்ச படகில் ஓட்டறாங்க. எல்லைக்கோட்டுக்கிட்ட ஃபாக்ஸியோட நோரோ நோரோ ஒளி (பட்டதை மெதுவாக்கறது) பட்டு முப்பது நொடி ஊர்ந்து போய்த் தோக்கறாங்க. ஃபாக்ஸி கேக்கறது சாப்பரை. ரெண்டாம் சுற்றான க்ராகி ரிங்கில் ஜோரோ, சாஞ்சியோட இறங்க வேண்டியவன் சாப்பர்தான். ஆளை மாத்தக்கூடாதுங்கற விதி இங்கே கடிக்குது. மூணு பேருக்கு எதிரா ரெண்டு பேர், ஆயுதத்துக்கும் தடை, அதனால ஜோரோ கையில் வாள் இல்லை. அப்படியும் ஜெயிச்சு சாப்பரை மீட்டுடறாங்க.

அழற சாப்பரைப் பார்த்து ஜோரோ சொல்றதுதான் ஆர்க்கோட முதுகெலும்பு. கடலுக்கு வந்தது உன் முடிவு, எங்கே போய் விழுந்தாலும் பொறுப்பு உன்னுது, அழுது அசிங்கப்படுத்தாதே. இது அவனோட பொதுவான முரட்டுத்தனம்னு கடந்துடாதீங்க. வாட்டர் செவனுக்கு அடுத்த எனிஸ் லாபி கதை முடிஞ்ச பிறகு, கூட்டத்தை விட்டுப் போன உசோப் தானா வந்து மன்னிப்புக் கேக்காம சேர்த்துக்கக்கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறவனும் இதே ஜோரோதான். அங்கே அவனைக் கல்நெஞ்சுக்காரன்னு திட்டறவங்களில் பலர் ஃபாக்ஸியைத் தாண்டிப் போனவங்களா இருப்பாங்கங்கறது என் சந்தேகம்.

மூணாவது சுற்று, கேப்டனுக்குக் கேப்டன். சண்டைக்கோணமே இங்கே நல்லா இருக்கு. மெதுவான நேரத்தில் விழற அடியெல்லாம் சேர்ந்து முப்பது நொடி கழிச்சு மொத்தமா இறங்குது. ஒளிங்கறதால கண்ணாடித் துண்டில் பட்டுத் திரும்புது, லூஃபி ஜெயிக்கறது அப்படித்தான். ஆனா நீங்க பார்க்க வேண்டியது லூஃபி பக்கத்துல நிக்கற ஆளை. ஆஃப்ரோ முடியை மாட்டிவிட்டு, உதவியாளா நின்னு கத்தறவன் உசோப். 332, 333-ஆம் அத்தியாயத்தில் அதே உசோப் கூட்டத்தோட மேரி கப்பலுக்காக லூஃபிக்கு எதிராவே நிக்கறான். ஃபாக்ஸி மாதிரியே பலத்தால இல்லாம தந்திரத்தால.

ஜெயிச்ச லூஃபி யாரையும் எடுத்துக்கலை, கொடியை மட்டும் கேக்கறான். போட்டி வெச்சுப் பிடுங்க முடியாதவங்கன்னு நிரூபிச்ச கூட்டம் லூஃபியோடது. கொஞ்ச நாள்லயே அதில் ரெண்டு பேர் தாங்களாவே போறாங்க, உசோப் சண்டை போட்டு, ரோபின் சொல்லாமக் கொள்ளாம. ரோபினை அசைச்சது அவோகிஜி. நீ சேர்ந்த கூட்டமெல்லாம் அழிஞ்சுது, நீ மட்டும் மிஞ்சினேன்னு அவன் சொல்றப்போ அவ முகம் கலையுது. காரணம் தெரியாம வாட்டர் செவனில் அவ காணாமப் போனா, அது வெறும் சஸ்பென்ஸாத்தான் தெரியும்.

குறை இல்லையான்னா, இருக்கு. க்ராகி ரிங் தேவைக்கு மேல நீளம், கட்டங்களில் கூட்டம் அடைச்சு யார் யாரை அடிக்கறாங்கன்னே தெரியாது. ஃபாக்ஸியோட சோகமாத் தலை தொங்கப்போடற ஜோக் மூணாவது தடவைக்கு மேல தாங்காது. "சாப்பர் எப்படியும் திரும்பிடுவான், பதற்றமே இல்லை"ங்கறதும் உண்மை. ஆனா பதற்றம் வர வேண்டியது இங்கே இல்லை. விதியை இங்கே சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கொடுத்துட்டு, வாட்டர் செவனில் வட்டியோட வசூலிக்கறாரு.

அனிமேதான் பார்ப்பேன்னா, 220 முதல் 226 வரை விட்டுட்டு 219-லிருந்து 227-க்குத் தாவுங்க. புத்தகம்னா 34-ஆம் தொகுதியை மட்டும் வாங்கிடாதீங்க. அது சண்டைக்கு நடுவுல ஆரம்பிச்சு, வாட்டர் செவன் வந்து சேர்ந்த கொஞ்சத்திலேயே 327-ல் முடியும். 33-ஐயும் சேர்த்து எடுங்க. உசோப் சண்டை வேணும்னா 35.