மெக்னீசியம் தராத ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

ஒரே சோதனையை இரண்டு தடவை செய்து, ரெக்கார்ட் நோட்டு இரண்டு தடவை திரும்பி வந்து, ஒருவழியாகப் போன வாரம்தான் கையெழுத்து கிடைத்தது. பகுதி அழுத்தப் பாடத்தில் சூத்திரம் என்று பார்த்தால் இரண்டே வரி. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தனியாகத் தரும் அழுத்தம்தான் பகுதி அழுத்தம்; மொத்த அழுத்தம் என்பது அவற்றின் கூட்டுத்தொகை. இது டால்டன் 1801-இல் கண்டது. மோல் பின்னத்தை, அதாவது மொத்த மோல்களில் அந்த வாயுவின் பங்கை, மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் பகுதி அழுத்தம். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த எண்ணை எங்கே போடுவது என்பதில்தான் அடி வாங்கினேன்.

சோதனை எளிமையானது. சிறு மெக்னீசிய நாடாவை அமிலத்தில் போட்டு, வரும் ஹைட்ரஜனைக் கவிழ்த்த அளவுக்குழாயில் நீரின் மேல் சேகரிக்க வேண்டும். கன அளவிலிருந்து மோல் கணக்கு. முதல் நாள் கன அளவு, காற்றழுத்தம் இரண்டையும் எழுதினேன், வெப்பநிலையை எழுதவில்லை. வீட்டுக்கு வந்து 25 டிகிரி என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிட்டேன். சார் நோட்டைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இந்த 25 எங்கே பார்த்தே?"

ஆய்வக உதவியாளரிடம் போய்க் கேட்டேன். "அன்னைக்கு ரூம்ல என்ன சூடு இருந்துச்சுன்னு இன்னைக்கு வந்து கேட்டா நான் என்ன தம்பி சொல்றது? எழுதி வெச்சிருக்கணும்" என்றார். அப்போது கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரி, ஏன் என்பது பின்னால்தான் முழுதாகப் புரிந்தது. வெப்பநிலை தெரியாமல் நீராவி அழுத்தம் தெரியாது, அது தெரியாமல் வேறு எதையும் சரிசெய்ய முடியாது. 20 டிகிரியில் அது 17.5 மி.மீ. பாதரசம். 30 டிகிரியில் 31.8. பத்து டிகிரியில் ஏறக்குறைய இரட்டிப்பு. குத்துமதிப்பாகப் போட முடியாத எண் இது. ஆகவே முதலிலிருந்து மறுபடி செய்தேன்.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் எழுதினேன். மெக்னீசியம் 0.047 கிராம், கன அளவு 50.0 மி.லி., வெப்பநிலை 27 டிகிரி, காற்றழுத்தம் 752 மி.மீ. கணக்கில் வந்தது 2.01 மில்லிமோல் ஹைட்ரஜன். ஆனால் 0.047 கிராம் மெக்னீசியம் என்பது 1.93 மில்லிமோல்தான். ஒரு மோல் மெக்னீசியத்துக்கு ஒரு மோல் ஹைட்ரஜன். அதற்கு மேல் வரவே முடியாது. நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதலாக எங்கிருந்து வந்தது என்று புரியாமல் அப்படியே கொடுத்தேன். நோட்டு மறுபடி திரும்பி வந்தது. சார் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: "குழாயில் இருந்தது ஹைட்ரஜன் மட்டுமா?"

அந்த வரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. குழாய்க்குள் நீராவியும் இருக்கிறது. 752 என்பது இரண்டும் சேர்ந்த அழுத்தம். 27 டிகிரியில் நீராவியின் பங்கு 26.7. கழித்தால் ஹைட்ரஜனுக்கு 725.3 மி.மீ., அதாவது 0.954 அட்மாஸ்பியர். மறுபடி போட்டால் 1.94 மில்லிமோல். 1.93-க்குப் பக்கத்தில் வந்து நின்றதைப் பார்த்தபோது அடைந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. குழாயின் உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்துக்குச் சமம். உயரமான ஜாடியில் குழாயை ஏற்றி இறக்கி மட்டத்தைச் சமப்படுத்திய பிறகே கன அளவைப் படியுங்கள். முடியாவிட்டால் உயர வித்தியாசத்தை அளந்து 13.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள் (பாதரசம் நீரைவிட அத்தனை மடங்கு அடர்த்தி). உள்ளே நீர் 68 மி.மீ. உயரமாக நின்றால் 5 மி.மீ. பாதரசம் கழிக்க வேண்டும்.

அப்புறம் தேர்வுக்கான கணக்குகள். நிறை கொடுத்திருந்தால் உடனே மோலுக்கு மாற்றுங்கள், அதற்கு முன்னால் பின்னம் போடாதீர்கள். 16 கிராம் ஆக்சிஜன், 4 கிராம் ஹீலியம், மொத்தம் 3 அட்மாஸ்பியர் என்ற கணக்கில் நிறையை வைத்து ஆக்சிஜனுக்கு 2.4 என்று எழுதினேன். உண்மையில் ஆக்சிஜன் அரை மோல், ஹீலியம் ஒரு மோல். ஆக்சிஜனுக்கு 1, ஹீலியத்துக்கு 2.

இரண்டு குடுவைகளுக்கு நடுவில் வால்வைத் திறக்கும் கணக்கில் இன்னும் மோசமாகச் சறுக்கினேன். 2 லிட்டரில் நைட்ரஜன் 3 அட்மாஸ்பியர், 4 லிட்டரில் ஆக்சிஜன் 6 அட்மாஸ்பியர், வெப்பநிலை மாறவில்லை. கூட்டி 9 என்று எழுதிவிட்டேன். திறந்ததும் இரண்டு வாயுவும் 6 லிட்டருக்குப் பரவிவிடும் என்பதை யோசிக்கவில்லை. நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 4, மொத்தம் 5. இப்போதெல்லாம் விடை இரண்டு தொடக்க அழுத்தங்களுக்கு நடுவில் விழுகிறதா என்று முதலில் பார்க்கிறேன். 9 என்பது 3, 6 இரண்டையும் தாண்டியது, அதிலேயே தவறு தெரிந்திருக்க வேண்டும்.

அலகு மாற்றம், கெல்வின் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. வாயு மாறிலிக்கு 0.0821 போடும்போது அழுத்தம் அட்மாஸ்பியரில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தேர்வில் வந்த கேள்வி. பிஸ்டன் பொருத்திய பாத்திரத்தில் வாயு, அடியில் கொஞ்சம் தண்ணீர். மொத்த அழுத்தம் 780 மி.மீ., நீராவி அழுத்தம் 30. வெப்பநிலை மாறாமல் வாயுவின் கன அளவைப் பாதியாக்கினால்? பக்கத்தில் இருந்தவர்கள் பலரும் 1560 என்று எழுதியதாகப் பிறகு சொன்னார்கள். நான் அளவுக்குழாயை நினைத்துக்கொண்டேன். அழுத்தினால் கூடுதல் ஆவி தண்ணீராகிவிடும், அதன் பங்கு 30-ஐத் தாண்டாது. உலர்ந்த வாயுவின் 750 மட்டும் 1500 ஆகும். 1530 என்று எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது.