ஹெக்டர் இரும்பில் கத்தி வராது

கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில், கதவு அடிபடாமல் முட்டுக்கொடுக்கிற இரும்புத் துண்டு ஒன்று நெடுங்காலமாகக் கிடந்தது. கூடவே ஒரு பக்கம் கருகிய தேக்குக் கட்டை. இரண்டும் ‘ஹெக்டர்’ கப்பலின் மிச்சம் என்பார் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பப்பா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது துறைமுகத்துக்குள்ளேயே எரிந்து அமிழ்ந்த கப்பல் அது. பயணிகளை ஏற்றிய கப்பலுக்குப் பீரங்கி பூட்டிப் போருக்கு விட்டிருந்தார்கள். 1946இல் மிதக்க வைத்து, பிறகு உடைத்தார்கள். எங்கள் துண்டுகளுக்கு அப்பப்பாவின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை.

கனடாவில் இருக்கும் அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு இந்த இரும்பில் கத்தி செய்து கொடுப்பதென்று முடிவெடுத்தேன்.

கிராண்ட்பாஸ் பக்கத்துப் பட்டறை ஐயா துண்டின் மூலையைக் கிரைண்டரில் வைத்தார். பொறி நீளமாக, கம்பி போலப் போனது, பூவாய் வெடிக்கவில்லை. “பச்சை இரும்பு தம்பி. கத்தி அடிச்சுத் தரலாம், வெட்டாது.” கப்பல் தகட்டில் கரிமம் குறைவு. வளைந்து கொடுக்கத்தான் அது, காய்ச்சி எண்ணெயில் தோய்த்தாலும் கடினமாகாது. மனசு விட்டுப்போனது உண்மை.

சரி, அலகுக்கு லொறி ஸ்பிரிங் பட்டை, கப்பல் இரும்பு பிடியின் கழுத்துக்கு மட்டும் என்று பேசி முடித்தோம். பட்டையைப் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். முதல் அலகு எண்ணெய்க்குள் போனதும் ‘டிக்’ என்று வெடித்தது. பாவித்த பட்டை, கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. இரண்டாவதைக் காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, சூடாக்கிய தேங்காயெண்ணெயில் இறக்கினார். அரத்தால் தேய்த்தால் வழுக்கியது, அவ்வளவு கடினம். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடையுமாம். அந்தக் கடினத்தைக் கொஞ்சம் தணிக்க, வீட்டில் கேக் சுடுகிற அடுப்பில் 200 பாகை செல்சியஸில் இரண்டு தடவை வைத்தெடுத்தேன். அம்மா அன்றைக்கு என்னோடு பேசவில்லை. வீடு முழுக்கக் கருகின எண்ணெய் மணம்.

நான் விட்ட பிழை ஒன்று: தகட்டில் இருந்த பழைய சிவப்புப் பூச்சை முதலில் கிரைண்டரால் உரசினேன். அந்தக் காலத்துக் கப்பல் பூச்சில் ஈயம் இருக்கும், தூசியாக்கவே கூடாது. பூச்சுக் கரைப்பான் தடவிச் சுரண்டி எடுப்பதே சரி, அப்போதும் முகமூடி வேண்டும்.

தேக்கு அதைவிடப் படுத்தியது. வாள் பற்களைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். மரத்திலேயே எண்ணெய் இருப்பதால் பசையும் பிடிக்காது. ஒட்டிய பிடி மறுநாள் கையோடு வந்தது. அசிட்டோனில் நன்றாகத் துடைத்து, உடனே எப்பொக்சிப் பசை போட்டு, இரண்டு பித்தளை ஆணியும் அறைந்த பிறகே நின்றது. கருகிய பக்கத்தைச் சீவ மனம் வரவில்லை. அதைச் சின்னத் துண்டுகளாக அறுத்து, மெழுகு பூசி, மச்சான்மாருக்குச் சாவிக்கொத்து ஆக்கினேன். கத்திப் பெட்டிக்குள் வைத்த சீட்டில் ‘ஹெக்டர் கப்பலினது என்று அப்பப்பா சொன்னது’ என்று மட்டும் எழுதினேன்.

லீவில் வந்த அண்ணன் கத்தியைப் பெரிய பயணப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோனான். விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டுபோக முடியாது. இப்போது அது அவன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. எனக்கு அதில்தான் கோபம். நான் வெங்காயம் வெட்டத்தான் செய்தேன்.