பல் பிடுங்கப் போன இடத்தில் தெரிந்த பிரஷர்

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கத்தான் போனேன். ஊசி போடுவதற்கு முன்னால் பல் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். 184/112. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார், பெரிதாக இறங்கவில்லை. "இப்போது பல்லில் கை வைக்க முடியாது. இன்றைக்கே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு 44 வயது. தலைவலி, கிறுகிறுப்பு என்று எதுவும் இருந்ததில்லை. பிரஷர் ஏறினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.

பொது மருத்துவர் முதலில் கேட்டது, நெஞ்சுவலி உண்டா, மூச்சு வாங்குகிறதா, பார்வை மங்குகிறதா, கை கால் பலவீனமாக இருக்கிறதா என்று. பிரஷர் 180/120-ஐத் தாண்டி, இவற்றில் ஒன்றும் சேர்ந்திருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டுமாம். எனக்கு எதுவும் இல்லை. அடுத்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றார். பல்வலிக்கு நான்கு நாளாக ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பிரஷரை ஏற்றக்கூடியவை என்பது அன்றுதான் தெரிந்தது. வலியும் பயமும் தம் பங்குக்கு ஏற்றியிருக்கும். பாராசிட்டமாலுக்கு மாற்றினார். ரத்தம், சிறுநீர், ஈசிஜி எல்லாம் பார்த்தார், கோளாறு இல்லை. பிறகு, "ஒரு வாரம் வீட்டில் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள், முடிவு செய்வோம்" என்றார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். முதல் இரண்டு நாளில் மேல் எண் 171, 139, 160 என்று தாறுமாறாக வந்தது. கருவியைச் சந்தேகப்பட்டேன். தவறு நான் அளந்த விதத்தில் இருந்தது. என் மேற்கையின் சுற்றளவு 35 சென்டிமீட்டர். கருவியோடு வந்த பட்டையிலோ 22 முதல் 32 வரை என்று அச்சிட்டிருந்தது. பட்டை சிறியதாக இருந்தால் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை வாங்கினேன். கால் மேல் கால் போட்டிருந்தாலும், கை தொங்கிக்கொண்டிருந்தாலும், பேசிக்கொண்டே அளந்தாலும், சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும் எண் ஏறும். இவை எல்லாவற்றையும் நான் செய்திருந்தேன்.

அதன் பிறகு ஒழுங்காகச் செய்தேன். காலையில் காபிக்கு முன், இரவில் படுக்கும் முன். முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை மேசை மேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஏழு நாள் முடிந்ததும் முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுத்தார் டாக்டர். 148/94. வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 120/80-க்குக் கீழே இருப்பதுதான் இயல்பு. ஆக, வலியையும் வலி மாத்திரையையும் கழித்த பிறகும் எனக்கு பிரஷர் இருந்தது.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் பல்லையும் எடுத்தாயிற்று. உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் கொண்டுவருவது நினைத்ததைவிடக் கடினம். பாக்கெட் உணவுகளில் ஒளிந்திருக்கும் உப்புதான் கணக்கைக் கெடுத்தது. நடந்து நடந்து எடையில் 7 கிலோ குறைத்தேன். குறட்டையைப் பற்றி என் மனைவிதான் டாக்டரிடம் சொன்னாள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் பிரஷரை ஏற்றும், ஆண்களுக்கு இது அதிகம் என்று பரிசோதனைக்கு அனுப்பினார். லேசாக இருந்தது.

ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விறைப்புத்தன்மை குறைந்திருந்தது. பிரஷர் மாத்திரையால்தான் என்று நானே முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் நிறுத்திவிட்டேன். எண் 150-க்கு மேல் போய்விட்டது. வேறு வழியில்லாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. "மாத்திரைக்கு முன்னால் எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தால், அது ஒரு வருடம் முன்பே தொடங்கியிருந்தது. உயர் அழுத்தமே ரத்தக் குழாய்களைக் கெடுத்து இந்தச் சிக்கலைத் தரும். சில மாத்திரைகளாலும் வரலாம், அப்படியென்றால் மாற்றிக்கொள்ள வேறு மாத்திரைகள் இருக்கின்றன என்றார். எனக்குக் கணுக்கால் வீக்கமும் இருந்ததால், அதுவரை நான் போட்டுக்கொண்டிருந்த அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை நிறுத்தி வேறொன்று எழுதினார். ஒரு வருடமாக மனதில் சுமந்ததைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இப்போது என் சராசரி 126/79. போன வாரம் தம்பி வந்திருந்தான், அவனுக்கு 38 வயது. வற்புறுத்தி உட்காரவைத்து அளந்தேன். 144/92. "எனக்கு ஒன்றும் இல்லையே அண்ணா" என்றான். ஒரு தடவை பார்த்து எதையும் சொல்ல முடியாது என்றேன். அவன் கைக்கு எந்தப் பட்டை பொருந்தும் என்று நாடா வைத்து அளந்து பார்த்துவிட்டு, கருவியையும் ஒரு நோட்டையும் பையில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.