இரண்டாவது பிள்ளையின் தமிழ்

சுவிற்சர்லாந்தில் ஒரு தமிழ் வீட்டுக்குள் டொச் மொழி, அதாவது ஜேர்மன், எப்போது குடியேறுகிறது என்று கேட்டால், மூத்த பிள்ளை கிண்டர்கார்டன் போகத் தொடங்கும் காலத்தில்தான் என்று நான் சொல்வேன். நாங்கள் வாழும் பெர்னில் பிள்ளைகள் 4 வயதில் அங்கே சேர்கிறார்கள். அதுவரை அம்மா, அப்பா, தொலைபேசியில் அம்மம்மா என்று தமிழுக்குள்ளேயே வளர்ந்த எங்கள் மகள், சில மாதங்களுக்குள் தன் விளையாட்டு முழுவதையும் பெர்ன் வட்டார டொச்சுக்கு மாற்றிக்கொண்டாள். அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த தம்பிக்கு, நாள் முழுவதும் கூடவே இருக்கும் அக்காவின் மொழிதான் முதன்மையாகிவிட்டது.

பிள்ளைகளுக்கு மொழி கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெற்றோரையே பார்க்கிறார்கள். பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஜா, தான் பிரெஞ்சும் மனைவி ஜேர்மனும் மட்டுமே பேசி மகனை வளர்த்த விதத்தை 1913 இல் நூலாக எழுதினார். ‘ஒருவருக்கு ஒரு மொழி’ என்ற முறை அதன்பின் பெயர்பெற்றது. தாயும் தந்தையும் தமிழரான எங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை ஆராய்ந்து மொழியியலாளர் ஆனிக் டி ஹௌவர் 2007 இல் வெளியிட்ட முடிவுகளே எங்களுக்கு நெருக்கமானவை. வீட்டில் இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் சிறுபான்மை மொழியைப் பேசுவதில்லை என்றும், பெற்றோர் இருவருமே அம்மொழியைப் பேசும் வீடுகளில்தான் அது தங்குவதற்கு வாய்ப்பு அதிகம் என்றும் அவர் கண்டார். நம்மவர் பலர், பிள்ளை பள்ளியில் பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தில், உணவகச் சமையலறைகளில் தாங்கள் கற்ற டொச்சை வீட்டிலும் பேசத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. டொச்சைத் தெருவும் பள்ளியும் நிறைவாகவே கொடுத்துவிடும். விளையாட்டுத் திடலில் வட்டார வழக்கு, வகுப்பறையில் எழுத்து ஜேர்மன் என்ற இரட்டை நிலையும், பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் அறிந்த நமக்குப் புதிதல்ல.

தம்பியின் மொழி அக்காவிடமிருந்தே வருவதால், நாங்கள் தம்பியை விட்டுவிட்டு அக்காவைக் கவனித்தோம். இரவில் தம்பிக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் வாசிப்பது அவளுடைய பொறுப்பு. எழுத்துக் கூட்டி அவள் வாசிக்க, அவன் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பான். அந்த நேரத்தில் அவள் பெருமையோடு தமிழிலேயே பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தராத ஏதோ ஒன்று இதில் கிடைக்கிறது என்று நம்புகிறேன், அந்த வகுப்பின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

தம்பிக்கு இன்னொரு துணை யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். லெகோத் துண்டுகளுக்காக இருவரும் டொச்சில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் அம்மம்மா வந்தால், வழக்கு உடனே தமிழுக்கு மாறும். “அம்மம்மா, அக்கா என்ர காரை உடைச்சுப்போட்டா, பிறகு நான்தான் உடைச்சனான் எண்டு சொல்லுறா” என்று அவன் முழு வாக்கியமாக முறையிடுவான். டொச் தெரியாத அவரிடம் நியாயம் கேட்க வேறு வழியில்லை. அம்மம்மாவும் அவசரப்படாமல், “முதல்ல ஆர் எடுத்தது, ராசா? வடிவாச் சொல்லுங்கோ” என்று அவனை மேலும் பேசவைப்பார். நாங்கள் குறுக்கே நின்று மொழிபெயர்ப்பதில்லை என்று முடிவுசெய்துவிட்டோம். சொல் வராமல் அவன் தடுமாறினால் அக்காதான் எடுத்துக்கொடுப்பாள்.

மகள் இப்போது 3 ஆம் வகுப்பு. பெர்ன் மாநிலத்தின் ஜேர்மன் மொழிப் பள்ளிகளில் பிரெஞ்சுப் பாடம் அந்த வகுப்பிலும், ஆங்கிலம் 5 ஆம் வகுப்பிலும் தொடங்குகின்றன. எனக்குப் பிரெஞ்சு தெரியாததால் அவளோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். அவள் எனக்குச் சொல்லித்தரும் விளக்கம் மட்டும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அவளும் சம்மதித்திருக்கிறாள்.